ஆண்டுதோறும் நான் எழுதிக் கொடுத்த ஒரு வரி

 இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்பு நாள். 1987-ல் ஐ.நா. சபை அறிவித்தது. நம் பள்ளியில் அன்று பேரணி நடக்குமே, நினைவிருக்கிறதா? அட்டை பிடித்துக்கொண்டு கடைத்தெரு வரை போய் வருவீர்கள். உறுதிமொழி எடுப்பீர்கள். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு எனக்கு ஒரு வேலை உண்டு, அறிக்கை எழுதுவது. கலந்துகொண்ட மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை, புகைப்படம் இரண்டு. கடைசிக் கட்டத்தில் 'விளைந்த பயன்' என்று இருக்கும். அதில் வருடா வருடம் ஒரே வரிதான்: "மாணவர்கள் நல்ல விழிப்புணர்வு பெற்றனர்."

புள்ளியியல் படிக்கும் என் தம்பி மகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அது உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அவளே சில ஆய்வுகளைக் கொண்டுவந்து உட்கார்ந்து விளக்கினாள். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1983-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ், பள்ளி நிர்வாகத்தோடு சேர்ந்து 'டேர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சீருடை அணிந்த போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்றாக 17 பாடங்கள். முடிவில் உறுதிமொழி, சான்றிதழ், டி-சர்ட். ஜனாதிபதி ரீகனின் மனைவி நான்சி ரீகன் 'வேண்டாம் என்று சொல்' என்று ஊர் ஊராகப் பேசிவந்த காலம் அது. திட்டம் மளமளவென்று பரவியது. 1990-களில் அந்நாட்டின் பள்ளி மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கில் அது நடந்தது. பெற்றோருக்குப் பிடித்தது, தலைமையாசிரியர்களுக்குப் பிடித்தது, போலீசாருக்கும் பிடித்தது. யாரைக் கேட்டாலும் 'நல்ல திட்டம்' என்றார்கள். நாம் எழுதிய அறிக்கையைப் போலத்தான்!

பிறகு அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். அதுவரை வந்திருந்த எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 1994-ல் வெளியானது. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பற்றிய அறிவு கூடியிருந்தது. பழக்கத்தில் மாற்றம் ஏறக்குறைய பூஜ்யம். பிள்ளைகளையே பேசவிட்டு, நடித்துப் பார்க்கவிட்டுக் கற்பித்த வேறு திட்டங்கள் இதைவிட மேலாக இருந்தன.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கென்டக்கி மாநில ஆய்வுதான். ஆறாம் வகுப்பில் டேர் படித்தவர்களையும், வழக்கமான சுகாதாரப் பாடம் மட்டும் படித்தவர்களையும் பத்து வருடம் கழித்துத் தேடிப் பிடித்தார்கள். மொத்தம் 1,002 பேர், எல்லோருக்கும் வயது இருபதை ஒட்டி. சிகரெட், மது, கஞ்சா எதிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இது 1999-ல் வெளியானது. ஒப்பிட ஒரு தரப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலான பிள்ளைகள் எப்படியும் கெட்டுப்போவதில்லை. அவர்களைக் காட்டி 'எங்கள் பாடத்தால்தான்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

போலீஸ்காரர் எடுத்ததால்தான் பலிக்கவில்லை, ஆசிரியர் எடுத்திருந்தால் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. தம்பி மகள் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். சியாட்டில் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தில் 1984-ல் தொடங்கிய புகைத்தடுப்பு ஆய்வு அது. 40 பள்ளி மாவட்டங்கள், 8,388 மாணவர்கள். குலுக்கல் முறையில் பாதி மாவட்டங்களுக்கு மட்டும் பாடம். தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர்களே மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை நடத்தினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தினமும் புகைத்த பெண்பிள்ளைகள், பாடம் படித்த பக்கம் 24.7 சதவீதம், படிக்காத பக்கம் 24.4. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

"பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்களா?" என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியப் பள்ளிகளில் நடக்கும் கணக்கெடுப்பில் 'ரெலவின்' என்று உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதையும் சாப்பிட்டேன் என்று டிக் அடிப்பவன் கதை விடுகிறான் என்று பிடிபடும்! பரீட்சைத் தாள் எடுக்கும்போது எனக்கு இது தோன்றாமல் போய்விட்டது.

டேர்காரர்கள் கடைசியில் பாடத்தை மாற்ற ஒத்துக்கொண்டார்கள். 2001-ல் ஒரு அறக்கட்டளை கொடுத்த 1 கோடியே 37 லட்சம் டாலரில் புதிய பாடம் எழுதிச் சோதித்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. ஏற்கெனவே கஞ்சா தொட்டிருந்த பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் உதவியது. மற்றவர்களிடம் சிகரெட்டும் மதுவும் சிறிது கூடியிருந்தன. அளக்காமல் விட்டிருந்தால், அந்தப் பாடமும் எல்லாப் பள்ளிக்கும் போயிருக்கும்.

அந்த வாஷிங்டன் ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் மாணவர்களில் 94 சதவீதம் பேரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர் மாறியவன், பள்ளியை விட்டு நின்றவன் என்று எல்லோரையும். நின்றவனை விட்டுவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும், ஏனென்றால் பழக்கத்தில் விழுபவன் அவர்களில்தான் அதிகம்.

இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் நன்றாக இருப்பவர்கள். பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் "டீச்சர், உங்களால்தான்" என்று எழுதுகிறீர்கள். படிக்க இனிக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் யாரும் இங்கே இல்லை. ஒரு வருடம் பேரணியில் முன்னால் பேனர் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போட்ட பையன் ஒருவன் இருந்தான். கூடப் படித்தவர்களுக்கு யாரென்று புரியும். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். கீழே பெயர் போட வேண்டாம். உங்களில் யாருக்காவது அந்தப் பேரணியால் ஒரு பயனும் இல்லை என்றாலும் எழுதுங்கள், டீச்சர் மனம் நோகும் என்று பார்க்க வேண்டாம்.