டெட்லைன்: மண்ணில் போட்ட கோடு

'டெட்லைன் நெருங்கிடுச்சு, கட்டுரை எங்கே?' – சிறுபத்திரிகை நடத்துகிறவர்களும் கேட்கிற கேள்விதான். சாவும் கோடும் ஒட்டிக்கொண்ட சொல் இது என்பதை யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் உருவகம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கோடு நிஜமாகவே மண்ணில் இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பிப்ரவரியில், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில்லில் தென்மாநிலக் கூட்டமைப்பு ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தது. கறுப்பின அடிமைகளை வைத்து மரம் வெட்டி எழுப்பிய உயரமான அடைப்பு. அதற்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி, கம்பு நட்டு மேலே சட்டம் அடித்த ஒரு சின்ன வேலி. அதற்குத்தான் 'டெட்லைன்' என்று பேர். தாண்டினால், தொட்டாலேகூட, காவல் மேடையிலிருந்து சுடலாம். முகாமுக்குள் ஓடிய ஓடை நாறிப்போயிருந்தது. அது உள்ளே நுழைகிற இடத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தெளிந்த தண்ணீர். அதற்குக் கை நீட்டியவர்கள் சுடப்பட்டார்கள்.

என்றாலும் குண்டடிபட்டுச் செத்தவர்கள் குறைவு. 14 மாதங்களில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் பேதியிலும் ஸ்கர்வியிலும் பட்டினியிலும் செத்தார்கள். கோடு பெரும்பாலும் சுடாமலேயே வேலை செய்தது. கைதியே தன்னைக் காவல் காத்துக்கொண்டான்.

முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். சொல் பிழைத்துக்கொண்டது. 1880இல் நியூயார்க் போலீஸ் அதிகாரி தாமஸ் பைர்ன்ஸ், ஃபுல்டன் தெருவை டெட்லைன் ஆக்கினார். பேர்போன திருடர்கள் அதற்குத் தெற்கே, வால் ஸ்ட்ரீட் பக்கம் தென்பட்டாலே கைது. ஆளை உள்ளே அடைத்த கோடு பணத்துக்கு வேலியானது. அச்சகத்திலும் ஒரு டெட்லைன் இருந்தது: இதற்கு அப்பால் எழுத்து பதியாது என்று அச்சு இயந்திரத்தில் காட்டும் கோடு. 1920 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அது நேரத்தின் கோடாகிவிட்டது. அந்த ஆண்டு வந்த, பத்திரிகை உலகம் பற்றிய மௌனப்படம் ஒன்றின் பேரே 'டெட்லைன் அட் லெவன்'.

தமிழில் 'கெடு' என்கிறோம். கெடு வைக்கிறவர், கெடுவுக்குள் கட்ட வேண்டியவர் என்று இரண்டு பேர் அதில் கண்ணுக்குத் தெரிகிறார்கள். டெட்லைனில் போட்ட கை மறைந்துபோய், கோடு மட்டும் இயற்கைபோல நிற்கிறது. குடிசையைக் காலி செய்யச் சொல்லி அரசு தேதி குறிக்கும்போதும், ஆலை உற்பத்தி இலக்கு வைக்கும்போதும், இன்னும் ரெண்டு வாரம் கொடுங்க என்று தேதிக்குத்தான் பேரம் பேசுகிறோம். கோட்டை யார் போட்டது, தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பதில்லை.