மலை நிற்கும் கிழக்கு: காணாப் பரிமாணமும் தமிழ்ச் சொல்லும்

நியாலாஸில் காலையில் கிழக்கு நோக்கி நிற்பவர்க்கு அத்திசையின் அடையாளம் லேடாங் மலை. 1,276 மீட்டர் உயரமுள்ள அது ஜொகூர் எல்லைக்குள் இருப்பினும் ஜாசின் வட்டாரத்தார் அதைத் தம் மலையாகவே கருதுவர். மேற்கிலும் தென்மேற்கிலும் நிலம் தாழ்ந்து சென்று மலாக்கா நீரிணையில் முடிகிறது. ஆக, இங்கே கிழக்கு மேடு, மேற்கு பள்ளம். நாம் பேசும் மொழியோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கிழக்கு 'கீழ்' என்பதன் வழியாகவும், மேற்கு 'மேல்' என்பதன் வழியாகவும் வந்த சொற்கள். நாள்தோறும் மலையைக் 'கீழ்' என்றும் கடலை 'மேல்' என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒருவரும் தடுமாறியதில்லை.

இச்சொற்கள் பிறந்த தமிழகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே உயர்ந்து நிற்கிறது. நிலம் கிழக்குக் கடலை நோக்கிச் சரிகிறது. திருக்குறளின் 488ஆம் பாடலில் 'கிழக்கு' திசையைக் குறிக்கவில்லை. கீழ் என்றே பொருள்படுகிறது. சரிவின் பெயரே பின்னர்த் திசையின் பெயராயிற்று. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதைச் சுட்டினார். மலைக்கு மேற்கே வாழும் மலையாளிகளுக்கு மலை கிழக்கில் உள்ளது. ஆயினும் அவர்களும் கிழக்கைக் 'கிழக்கு' என்றே வழங்குகின்றனர். அவர்தம் முன்னோர் மலைக்கு இப்புறமிருந்து சென்றவர் என்பதற்கு இதை அவர் சான்றாக்கினார். மேற்குக்கு மட்டும் மலையாளம் ஞாயிறு மறைவதைக் கொண்டு 'படிஞ்ஞாறு' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது. நாம் அதுவும் செய்யவில்லை. 1896இல் தான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டபின் இம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. அங்கு வந்த தமிழர் இரு சொற்களையும் மாற்றாமல் கொண்டுவந்தனர்.

இங்கே நிகழ்ந்தது என்ன? தாய்நிலத்தில் அச்சொற்களுக்கு இரண்டு செய்திகள் இருந்தன: தரைமீது எப்பக்கம் என்பது ஒன்று, உயரமா தாழ்வா என்பது மற்றொன்று. கடல் கடந்தபோது இரண்டாவது உதிர்ந்தது. ஒரு பரிமாணத்தை இழந்தும் சொல் பிழையின்றி வழிகாட்டுகிறது. மொழியியல் பயின்ற காலத்தில் இதை ஒரு சொற்பிறப்புச் செய்தியாகவே படித்தேன். அதன் முழுப் பொருளும் விளங்கியது ஊர் திரும்பி அம்மலையை மீண்டும் பார்த்தபோதுதான்.

தோட்டத்து வீட்டில் என் பாட்டி குடத்தை 'மேற்கே நகர்த்து' என்பார். இடம், வலம் என்று சொல்லிக் கேட்டதில்லை. இப்பழக்கத்தைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்தவர் எரிக் பீடர்சன். மேசைமீது பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டி, பார்த்தவரை எதிர்ப்புறம் திரும்பச் செய்து, வேறொரு மேசையில் அதே வரிசையை அமைக்கச் சொல்வது இவ்வகை ஆய்வின் முறை. திசைச் சொல்லால் பேசிப் பழகிய ஊர்ப்புறத்தார் பெரும்பாலும் திசை மாறாமல் அடுக்கினர். இடவலத்தால் பேசும் நகரத்தார் தம் உடலுக்கேற்ப அடுக்கினர். ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஒரே மொழிக்குள் இடத்தை நினைக்கும் வழிகள் இரண்டு!

இதையெல்லாம் இங்கு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. 2003 முதல் நம் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின; அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், கண்ணுக்குப் புலனாகாத கருத்துகளைத் தமிழில் கற்பிக்க இயலாது என்று ஆசிரியர் சிலரே சொல்லக் கேட்டேன். அவர்கள் தவறாமல் காட்டிய எடுத்துக்காட்டு நான்காம் பரிமாணம்.

அதைக் காண எம்மொழியினராலும் இயலாது. 1854இல் கோட்டிங்கனில் ரீமன் ஆற்றிய உரைக்குப்பின் கணிதர் காண்பதை விட்டு எண்ணுவதைப் பற்றிக்கொண்டனர்: ஓரிடத்தைக் குறிக்க எத்தனை எண்கள் தேவையோ அத்தனை பரிமாணங்கள். 'பரிமாணம்' என்பதும் முன்பு 'அளவு' என்றே பொருள்பட்டது. வைசேடிகத்தில் அது பொருளின் குணங்களுள் ஒன்று. பழஞ்சொல் புதுப்பொருள் ஏற்றது, அவ்வளவே.

வகுப்பில் செய்யத்தக்கது ஒன்று. 'ட' எழுத்தை அட்டையில் வெட்டி மேசைமீது வையுங்கள். எப்படிச் சுழற்றினாலும், எவ்வளவு நகர்த்தினாலும் அது தன் கண்ணாடிப் பிம்பமாகாது. கையில் எடுத்துப் புரட்டி வையுங்கள், உடனே ஆகிவிடும். மேசையிலேயே வாழும் ஓர் உயிர்க்கு அந்தப் 'புரட்டல்' விளங்காது. இடக்கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் வலக்கால் செருப்பாவதில்லை. நான்காவது திசையில் எடுத்துத் திருப்ப முடியுமானால் ஆகிவிடும். 1827இல் மோபியஸ் இதை எழுதினார்; அத்தகைய வெளியை நினைக்கவே இயலாது என்றும் உடன் சேர்த்துக்கொண்டார். நினைக்க இயலாததைப் பற்றி இவ்வளவு துல்லியமாக அவரால் சொல்ல முடிந்தது.

எண்ணிக்கையும் துணை நிற்கும். கோட்டின் எல்லை 2 புள்ளிகள். சதுரத்தின் எல்லை 4 கோடுகள். கனசதுரத்தின் எல்லை 6 சதுரங்கள். அடுத்த உருவின் எல்லை 8 கனசதுரங்கள் என்பதை ஆறாம் வகுப்பு மாணவரே சொல்லிவிடுவர். மூலைகள் 2, 4, 8 என்று வருவதால் அதற்கு 16 என்றும் காண்பர்.

அவர்கள் அடுத்துக் கேட்பது: அந்தத் திசைக்குப் பெயர் என்ன? 1888இல் அவ்வுருவுக்கு 'டெசராக்ட்' என்று பெயர் தந்த ஆங்கிலேயக் கணிதர் ஹிண்டனுக்கும் இத்தேவை எழுந்தது. நான்காம் திசையின் இருபுறங்களுக்கும் அவர் கிரேக்கத்திலிருந்து இரு சொற்களை எடுத்தார்: 'அனா', 'கடா'. அவற்றின் மூலப்பொருள் மேல், கீழ்.