தாத்தாகிட்ட யாரும் கேட்கல

இந்த வாரம் கொஞ்சம் கனமான எபிசோடு.

எங்க தாத்தாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாற்பது வருஷப் பீடி. கடைசி வருஷம் கட்டில்ல இருந்து பாத்ரூம் போறதுக்குள்ள ரெண்டு தடவை உட்காருவார். ஒரு ராத்திரி மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். "வென்டிலேட்டர் போடணும், கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. அப்பா போட்டார். பதினோரு நாள் தொண்டையில குழாயோட இருந்து, பேசாமலே போயிட்டார் தாத்தா. அவருக்கு அது வேணுமான்னு ஒரு நாள்கூட நாங்க கேட்டதில்ல.

இந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

1928-ல் பாஸ்டனில் 'இரும்பு நுரையீரல்' முதன்முதலா ஒரு போலியோ சிறுமிக்குப் பயன்பட்டது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியப்போ, மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டு, குழாய் வழியா காற்றை உள்ளே தள்ளச் சொன்னார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, கையாலேயே பையை அமுக்கினாங்க. இன்றைய ஐசியூ அங்கதான் தொடங்குச்சு. அந்தப் போலியோ நோயாளிகளோட நுரையீரல் பழுதாகல, தசைதான் செயலிழந்திருந்தது. தசை தேறும்வரை தாங்கிப் பிடிக்க ஒரு வழி. அதே வழி பின்னாடி, தேறவே முடியாத நுரையீரலுக்கும் வந்தது. அப்போதான் "எதுவரை?"ன்ற கேள்வி பிறந்தது.

அமெரிக்காவில் 1989-ல் 'சப்போர்ட்' என்ற பெரிய ஆய்வு தொடங்குச்சு. 5 மருத்துவமனைகள், 9,105 தீவிர நோயாளிகள். 1995-ல் முடிவு வெளியானது. இதயம் நின்னா மறுபடி இயக்க வேண்டாம்னு நினைச்ச நோயாளிகளோட விருப்பம், அவங்க டாக்டர்கள்ல 47% பேருக்குத்தான் தெரிஞ்சிருந்தது. சரி, பேச வைப்போம்னு பயிற்சி பெற்ற நர்ஸ்களை அனுப்பினாங்க. பெரிய மாற்றம் எதுவும் வரல.

அதே தரவை வச்சு 2000-ல் இன்னொரு ஒப்பீடு வந்தது. நுரையீரல் புற்றுநோய்க்காரங்களும் சிஓபிடிக்காரங்களும் கேட்டது கிட்டத்தட்ட ஒண்ணுதான்: குழாய் வேண்டாம், வலியில்லாம இருந்தா போதும். ஆனா வென்டிலேட்டர் அதிகம் போடப்பட்டது சிஓபிடிக்காரங்களுக்கு.

ஏன் இப்படி? புற்றுநோய் கடைசியில சரசரன்னு இறங்கும், குடும்பத்துக்கே புரிஞ்சிடும். சிஓபிடி படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு படி இறங்கி, கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்துடுவாங்க. "போன தடவையும் இப்படித்தான், பிழைச்சு வந்தார்"ன்னு நாங்களும் சொன்னோம். எது கடைசித் தடவைன்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் நல்லா இருக்கும்போதே கேட்கணும்.

கேட்டா, "வேண்டாம்"னு சொல்றவங்களை அப்படியே விட்டுட மாட்டாங்க. குறைந்த அளவு மார்ஃபின், முகத்துக்கு நேரா ஒரு சின்ன மின்விசிறி, இதெல்லாம் மூச்சுத்திணறலின் அவதியைக் குறைக்கும். "வேணும், எல்லாத்தையும் முயற்சி பண்ணுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, அதுவும் நியாயமான பதில்தான்.

நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு. 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ விருப்பத்தை ஏற்றது. ஆனா மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னாங்க, யார் அலைவாங்க? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினாங்க. இப்போ ரெண்டு சாட்சியும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியும் இருந்தா போதும்.

இந்த எபிசோடுக்குப் படிச்சதை அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டது தப்பாடா?"ன்னு கேட்டார். "தப்பில்லப்பா, உங்களுக்குத் தெரியாதே"ன்னேன். எனக்கே அது போதுமான பதிலாப் படல.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார்: "அந்த நோட்டரி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லு."