வாய்ச்செபமும் மனச்செபமும்

இறைவன்முன் மௌனமாக அமர்ந்திருத்தல் எவருக்கும் தீங்கிழைக்காத செயல் என்றே நாம் எண்ணுவோம். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் அதுவே ஐயத்திற்குரியதாயிற்று. சடங்குகளை இகழ்ந்து அகவொளியையே நம்பினர் என்று குற்றஞ்சாட்டப்பெற்ற 'அலும்பிராதோ' குழுவினரை 1525-இல் சமய விசாரணை மன்றம் கண்டித்தது. அதன்பின் உதடசையாது செபிப்போர் மீதும், சிறப்பாகப் பெண்கள் மீதும், ஐயம் படிந்தது. வாய்ச்செபத்தைக் கேட்டுத் திருத்தலாம். மனச்செபத்தைக் கேட்பார் யார்?

1559-இல் தலைமை விசாரணையாளர் பெர்னாந்தோ தே வால்தெஸ் வெளியிட்ட தடைநூற்பட்டியலில் ஸ்பானிய மொழிச் செபநூல்கள் பல இடம்பெற்றன. லூயிஸ் தே கிரனாதாவின் நூலும் தப்பவில்லை. இலத்தீன் அறிந்தோர்க்கு வேறு நூல்கள் இருந்தன. அம்மொழி கல்லாத பெண்களுக்கோ கதவு அடைபட்டது.

அவ்வாறு நூலிழந்தோருள் ஒருவர் அவிலா நகரத்துக் கார்மேல் சபைத் துறவி தெரேசா (1515–1582). பிரான்சிஸ்கோ தே ஒசுனா 1527-இல் வெளியிட்ட நூலின் வழியே உள்ளொடுக்கச் செபத்தைப் பயின்றவர் அவர். 1562-இல் தாம் நிறுவிய புனித சூசையப்பர் மடத்தில் மனச்செபத்திற்கென நாள்தோறும் இரண்டு மணிநேரத்தை ஒதுக்கினார். அம்மடத்துச் சகோதரியர்க்காக 1566 அளவில் 'நிறைவின் வழி' என்னும் நூலை எழுதினார்.

அந்நூலின் அமைப்பை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். எவராலும் தடைசெய்ய இயலாத பரலோக மந்திரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு உரை சொல்லும் முகமாகவே தெரேசா மௌன செபத்தைக் கற்பித்தார். யாரோடு பேசுகிறோம் என்று உணராது சொல்வது செபமாகாது. உணர்ந்து சொல்லின் அங்கே மனச்செபம் தொடங்கிவிடுகிறது என்பது அவர்தம் வாதம். அவ்வாறாயின், மனச்செபத்தைத் தடுப்போர் வாய்ச்செபத்தையும் தடுத்தாக வேண்டும்!

எனினும் தணிக்கையாளர் கை ஓயவில்லை. முதற்படியில் பெண்களுக்காகத் தெரேசா வழக்காடிய பகுதி அடிக்கப்பட்டது. அவரே மீள எழுதிய இரண்டாம் படியில் அது காணப்படவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டில், 1583-இல், நூல் அச்சேறியது.

1970-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. முதற்படி எஸ்கோரியல் நூலகத்தில் உள்ளது. மையால் அடிக்கப்பட்ட அவ்வரிகளை அறிஞர்கள் அரிதின் முயன்று படித்தெடுத்தனர். இன்று நாமும் அவற்றைப் படிக்கலாம்.