பித்தம்: நூல்மரபும் புதுச்சேரிப் பருவமும்

பித்தம் ஆயுர்வேதம் கூறும் முத்தோடங்களுள் ஒன்று. சித்த மருத்துவம் இதனை அழல் என்னும். செரிமானம், உடற்சூடு, கண்பார்வை, தோலின் ஒளி ஆகியவை இதன் தொழில்கள். எனவே பித்தத்தை ‘ஒழிப்பது’ என்ற பேச்சு வழக்கு பொருந்தாது. அதை அளவில் நிறுத்துவதே நூல்களின் நோக்கம். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் மிகுதி, குறைவு இரண்டையுமே நோய்க்குக் காரணமாகக் கொள்கிறது.

9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. அங்கே மருத்துவமும் கற்பிக்கப்பட்டது என்று சொல்ல இதில் சான்றில்லை. செப்பேடு சுட்டுவது 14 வித்தைகளை. ஆயுர்வேதம் இடம்பெறுவதோ 18 வித்தைகள் என்னும் விரிந்த பட்டியலில்தான்.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், மழைக்காலத்தில் சேரும் பித்தம் மழை விட்டபின் வரும் சரத்கால வெயிலில் சீற்றங்கொள்ளும் என்கிறது. அதற்குக் கசப்பு, இனிப்பு, துவர்ப்புச் சுவைகளையும், கசப்பு மூலிகை சேர்த்த நெய்யையும், பேதியையும் விதிக்கிறது. சரத்காலம் ஏறத்தாழ ஐப்பசியை ஒட்டியது. வில்லியனூர், பாகூர் வயல்களில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதே அப்போதுதான். சுட்டெரிக்கும் வெயில் சித்திரை, வைகாசியில். நூலின் மாதக்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் இவ்வூர்க்காரர் அடைமழையில் உடற்சூட்டுக்கு மருந்து தேட வேண்டியிருக்கும்.