வீடு காப்பாற்றிய பாடத்திட்டம்

1774-ஆம் ஆண்டுக் கோடையில், ஜான் ஆடம்ஸ் பிலடெல்பியாவில் கூடவிருந்த காங்கிரஸ் மகாசபைக்குப் புறப்பட்டுச் சென்ற பின், மாஸசூஸெட்ஸின் பிரெயின்ட்ரீயில் குழந்தைகளோடு தனித்திருந்த அவருடைய பத்தினி அபிகேல் அம்மையார், ரோலின் என்னும் பிரெஞ்சுக்காரர் இயற்றிய புராதன சரித்திரத்தில் மிகுந்த பிரீதி கொண்டு, ஏழு வயது மூத்த குமாரன் ஜான் குவின்ஸியையும் நாள்தோறும் அதில் ஓரிரு பக்கங்கள் தமக்கு வாசித்துக் காட்டச் செய்தார் என்பது, அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தால் தெரிகிறது. 1825-இல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற அந்தப் பிள்ளைக்கு, சரித்திரத்தில் முதல் உபாத்தியாயர் தாயார்தான்.

ஆபிரகாம் லிங்கனுக்கு அத்தகைய வீடும் புத்தகங்களும் வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் கழித்த நாட்களை எல்லாம் ஒன்றாய்ச் சேர்த்தாலும் ஒரு வருஷம் நிரம்பாது. எனினும் இந்தியானாவில் அயலார் ஒருவரிடம் அவர் வாங்கிப் படித்த அம்மாகாணச் சட்டத் தொகுப்பில், சுதந்திரப் பிரகடனமும் அரசியல் சாஸனமும் சேர்த்தே அச்சிடப்பட்டிருந்தன. அரசாங்க இயலுக்கு அதனினும் நேரான ஒரு பாடப்புத்தகம் இன்றளவும் எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பின்னர் படிப்பு வீட்டைவிட்டுப் பள்ளிக்குச் சென்றது. மாஸசூஸெட்ஸ் 1852-இல் தொடங்கிய கட்டாயக் கல்விச் சட்டம், 1918-இல் மிஸிஸிப்பியோடு எல்லா மாகாணங்களுக்கும் பரவிற்று. இதற்கிடையே, உயர்நிலைப் பள்ளியில் சரித்திரத்தை எவ்வாறு கற்பிப்பது என ஆராய்ந்த அமெரிக்கச் சரித்திரச் சங்கத்தின் எழுவர் குழு, முதலாண்டில் புராதன காலம், இரண்டாம் ஆண்டில் ஐரோப்பாவின் மத்திய காலமும் நவீன காலமும், மூன்றாம் ஆண்டில் இங்கிலாந்து, நான்காம் ஆண்டில் அமெரிக்க சரித்திரமும் அதனோடு இணைந்த அரசாங்க இயலும் என்று, 1899-இல் ஒரு விசாலமான திட்டத்தை வகுத்துத் தந்தது. அதற்கு ஆயுள் அற்பமாகவே இருந்தது. குடியேறி வந்தோரின் பிள்ளைகளை விரைவில் பிரஜைகளாக்க வேண்டும் என்ற அவசரமும், பலர் படிப்பை இடையில் நிறுத்திவிடுகிறார்கள் என்ற கவலையும் சேர்ந்து, 1916-இல் வேறொரு குழு சரித்திரத்தைச் சமூக அறிவியல் பாடங்களோடு கலந்து, கடைசி வகுப்புக்கு ‘ஜனநாயகப் பிரச்சினைகள்’ என்ற பாடத்தைச் சிபாரிசு செய்யும்படி ஆயிற்று. புராதன காலத்துக்கென ஒதுக்கிய தனி வருஷம் நாளடைவில் மறைந்தது.

மறைந்தது பள்ளியில்தான்; வீட்டில் அது பிறகு மீண்டும் தோன்றிற்று. 1925-இல் ஆரெகன் மாகாணத்து வழக்கொன்றில், பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கே அனுப்பவேண்டுமெனப் பெற்றோரைக் கட்டாயப்படுத்தலாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வீட்டில் கற்பிக்கும் உரிமை எல்லா மாகாணங்களிலும் நிலைபெற, கல்வி விமர்சகர் ஜான் ஹோல்ட் போன்றோர் எழுதியும் பலர் வழக்காடியும், 1990-களின் தொடக்கம்வரை காத்திருக்கவேண்டி வந்தது. 1999-இல் ஜெஸ்ஸி வைஸ் அம்மையாரும் அவர் புத்திரியும் வீட்டில் கற்பிப்போருக்காக வெளியிட்ட நூல், புராதனத்திலிருந்து நவீன காலம்வரை நான்கு ஆண்டுகளில் சென்று, மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பும் சுழற்சியை வகுத்தபோது, எத்தனையோ குடும்பங்கள் அதைக் கிரேக்க ரோமானிய காலத்துச் சொத்தாகவே பாவித்து வரவேற்றன. சற்றேறக்குறைய நூறாண்டுக்கு முன் பள்ளிக் குழுவொன்று சொன்னதற்கு அது எத்தனை நெருங்கிய உறவு என்பதைக் கவனித்தவர் சிலரே.

ஆனால் வீடும் பள்ளியின் பழக்கங்களிலிருந்து முற்றிலும் விடுபட்டுவிடவில்லை. சுமார் 120 மணி நேரம் ஓர் அலகு என்ற கார்னெகி கணக்கைக் கல்லூரிகள் மதிப்பதால், வீட்டில் கற்பிக்கும் தாயார் சரித்திரத்துக்கு ஓர் அலகும், அரசாங்க இயலுக்குக் கடைசி ஆண்டில் அரை அலகும் என்று சான்றிதழ் எழுதுகிறார். இந்தப் பிரிவினை எனக்குச் சம்மதமில்லை. 1787-இல் பிலடெல்பியாவில் பிரதிநிதிகள் சாஸனம் வகுத்ததைப் படிக்கும் மாணவன், அதை ஆதரித்து ஹாமில்டனும் மாடிஸனும் ஜேயும் எழுதிய 85 கட்டுரைகளில் சிலவற்றை, வாதத்தின் சூடு ஆறுவதற்குள் அப்பொழுதே படிப்பதல்லவா முறை? எழுவர் குழு அமெரிக்க சரித்திரத்தையும் அரசாங்க இயலையும் ஒரே ஆண்டில் வைத்ததற்கும் காரணம் இல்லாமலில்லை. அவ்வாறே இரண்டையும் ஒன்றாகக் கற்பித்துவிட்டு, செலவான மணிகளைப் பிரித்துக் கணக்கிட்டு, சான்றிதழில் மட்டும் இரு பாடங்களாகப் பதிந்துகொள்வதில் தாயாருக்கு யாதொரு சிரமமும் இராது.