அங்கீகாரமும் கடமையும்: தனியார் பள்ளிகளில் சிறப்புக் கல்விப் பொறுப்பின் வரலாறு

முன்னுரை

திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள திருநகர், 2011ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியுடன் இணைந்த குடியிருப்புப் பகுதியாகும். இத்தகைய புறநகரில் மாற்றுத்திறனுடைய குழந்தையின் பெற்றோர் அருகிலுள்ள தனியார் பள்ளியை நாடும்போது, சிறப்புக் கல்விக்கு யார் பொறுப்பு என்னும் வினா எழுகிறது. அப்பொறுப்பு அறச்செயல் என்னும் நிலையிலிருந்து சட்டக் கடமையாக மாறியதையும், அதில் எஞ்சியுள்ள இடைவெளியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அறச்செயலாக அமைந்த கல்வி

தென்தமிழகத்தில் சிறப்புக் கல்விக்கு வித்திட்டவை தனியார் அமைப்புகளே. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவ மிஷனரிகள் பார்வையற்றோர்க்கும் செவித்திறனற்றோர்க்கும் பள்ளிகளைத் தொடங்கினர். மதுரையில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவினார். அதன் பள்ளி சுந்தரராஜன்பட்டியில் இயங்குகிறது. இவை விரும்பி ஏற்ற பொறுப்புகள். ஏனைய தனியார் பள்ளிகள்மீது இத்தகைய கடமை சுமத்தப்படவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 18 வயது வரை இலவசக் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பை அரசிடமும் உள்ளாட்சிகளிடமுமே ஒப்படைத்தது.

சட்டக் கடமையாதல்

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க நிலை வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினர்க்கு அளிக்க வேண்டும் என அது விதித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுத்திறனுடைய குழந்தைகளையும் பின்தங்கிய பிரிவில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் நிறுவனங்களை மட்டுமின்றி அரசு அங்கீகாரம் பெற்றவற்றையும் உள்ளடக்கியது. பாகுபாடற்ற சேர்க்கை, அணுகத்தக்க கட்டடம், தேவைக்கேற்ற தனிப்பட்ட உதவி, கற்றல் குறைபாட்டை விரைந்து கண்டறிதல் ஆகியவை கடமைகளாயின. அங்கீகாரம் பெற்றிருத்தலே கடமைக்கு அடிப்படையாயிற்று.

எஞ்சிய இடைவெளி

எனினும், இவ்விரு சட்டங்களும் முழுமையாகப் பொருந்தவில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 1995, 1999ஆம் ஆண்டுச் சட்டங்களின் வரையறைகளையே மேற்கொண்டது. அவற்றில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. மேலும், அக்குறைபாடு பெரும்பாலும் குழந்தை எழுத்தறியத் தொடங்கிய பின்னரே புலப்படும். 25 விழுக்காட்டு ஒதுக்கீடோ நுழைவு வகுப்போடு முடிந்துவிடுகிறது. எனவே மூன்றாம் வகுப்பில் குறைபாடு கண்டறியப்படும் குழந்தைக்கு அவ்வாயில் அடைபட்டுவிடுகிறது.

ஆசிரியர் நிலையிலும் இதே இடைவெளி உள்ளது. சமக்ர சிக்ஷா திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் உரியவர்கள். சுயநிதிப் பள்ளி தன் செலவிலேயே சிறப்பாசிரியரை அமர்த்த வேண்டும். அச்செலவு கட்டணமாகப் பெற்றோரைச் சேரக்கூடும். தொடக்க வகுப்புகளில் 10 மாணவர்க்கும், மேல்வகுப்புகளில் 15 மாணவர்க்கும் ஒரு சிறப்பாசிரியர் என 2022இல் ஒன்றிய அரசு வகுத்த அளவு, இத்தேவையின் தன்மையை உணர்த்துகிறது.

முடிவுரை

சிறப்புக் கல்வியைத் தொடங்கிவைத்த தனியார்துறையே இன்று அதைச் சுமையாகக் கருத நேர்வது வரலாற்று முரணாகும். அங்கீகாரமே கடமைக்கு அடிப்படை என்பதால், அங்கீகாரம் புதுப்பிக்கப்படும் வேளையே அக்கடமையை ஆய்வதற்கு ஏற்றது. கட்டட உறுதியும் தீத்தடுப்பு வசதியும் ஆராயப்படுவதுபோல, சிறப்பாசிரியர் உள்ளாரா என்பதும் ஆராயப்பட வேண்டும். அதுவரை, அண்டைப் பள்ளியில் பயிலும் உரிமை திருநகர்க் குழந்தைக்கு ஏட்டளவிலேயே நிற்கும்.